கோ ஆட்டத்தில் வென்றவர் யார் என்று கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

இருவர் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் கோ என்ற பலகை ஆட்டத்துக்கான நிரல் நூலகம் ஒன்றை முதன்முறையாக எடுத்துப் பயன்படுத்துபவர் அதனிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறார். ஆட்டக்காரர் வைக்கும் காயை விதிப்படி பலகையில் ஏற்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எத்தனை புள்ளி என்று சொல்ல வேண்டும். முதல் வேலை சில நூறு வரி நிரலில் முடிந்துவிடும். இரண்டாவது வேலையும் அவ்வாறே இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பலகையைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுவது, இந்த ஆட்டத்தில் மட்டும், ஆடுவதைவிடக் கடினமான காரியமாக இருக்கிறது. அது ஏன் அப்படி, நல்ல நூலகம் அதை எப்படிக் கையாள்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரல் எழுதிப் பழகாதவர்களும் பின்தொடரும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

நிரல் நூலகம் என்பது திரையில் பலகை வரைந்து காட்டும் செயலி அன்று. பலகை வரைபவர், இணையவழி ஆட்டங்களை நடத்துபவர், கணினிக்கு ஆடக் கற்றுக்கொடுப்பவர் ஆகிய அனைவருக்கும் தேவைப்படுகிற விதிகளை ஒரே இடத்தில் ஒருமுறை சரியாக எழுதி, மற்ற நிரல்கள் கேட்கும்போதெல்லாம் விடை தரும்படி கட்டிவைத்த தொகுப்பு அது. “இந்த இடத்தில் கறுப்புக் காய் வைக்கலாமா?”, “வைத்தால் எந்தக் காய்கள் வெட்டுப்படும்?”, “இப்போது கணக்கு என்ன?” என்பன போன்ற கேள்விகளுக்கு அது விடை சொல்லும். நன்றாக ஆடுவது அதன் கடமை அன்று. அந்தப் பொறுப்பு அதன் மேல் அமைக்கப்படும் ஆட்டப்பொறிக்கு உரியது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனாவில் தோன்றி, அங்கே வெய்ச்சி என்றும் கொரியாவில் பாதுக் என்றும் அழைக்கப்படும் இந்த ஆட்டத்தின் முழுப் பலகையில் குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள் இருக்கும். காய்கள் கட்டங்களுக்குள் வைக்கப்படுவதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் 361 சந்திகளில் வைக்கப்படுகின்றன. பழகுபவர்கள் 9 கோட்டுப் பலகையிலும் 13 கோட்டுப் பலகையிலும் ஆடுவதுண்டு. கறுப்பு முதலில் வைக்கும், பின்னர் வெள்ளை, இப்படி மாறி மாறி. வைத்த காய் நகராது. கோட்டின் வழியே அடுத்தடுத்து நிற்கும் ஒரே நிறக் காய்கள் ஒரு குழுவாகின்றன. அந்தக் குழுவைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெற்றுச் சந்திகளுக்குச் சீனத்தில் ‘மூச்சு’ என்று பொருள்படும் சொல்லையே வழங்குகிறார்கள். ஆகவே அவற்றை நாமும் மூச்சிடங்கள் என்றே சொல்லலாம். ஒரு குழுவின் கடைசி மூச்சிடத்தையும் எதிராளி அடைத்துவிட்டால் குழு முழுவதும் வெட்டுப்பட்டுப் பலகையைவிட்டுப் போகும். வைக்க விருப்பமில்லாதவர் பாஸ் சொல்லலாம். இருவரும் அடுத்தடுத்துப் பாஸ் சொன்னால் ஆட்டம் நிற்கும். அதிக இடத்தைத் தன்வசம் வைத்திருப்பவர் வென்றவர்.

ஒரு காயை வைக்கும்போது நடப்பவை

நூலகத்தின் உள்ளே பலகை என்பது 361 இடங்கள் கொண்ட ஒரு நீண்ட பட்டியலே. ஒவ்வோர் இடத்திலும் வெறுமை, கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்றில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் நிற்கும் காய்க்கு அண்டைச் சந்திகள் மூன்றும் மூலையில் நிற்பதற்கு இரண்டும்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் “இது ஓரமா?” என்று சோதிக்க வேண்டியிருக்கும். இந்தச் சோதனையைத் தவிர்க்கப் பல நிரலாளர்கள் பலகையைச் சுற்றி ஒரு வேலிபோல் ஒரு வரிசை கூடுதலாகச் சேர்த்து, 21-க்கு 21 என 441 இடங்களாக வைத்துக்கொள்கிறார்கள். வேலியில் காயும் இல்லை, வெறுமையும் இல்லை. எனவே அது எந்தக் குழுவுக்கும் மூச்சிடம் ஆவதில்லை. ஓரத்துக்கென்று தனி விதி எழுத வேண்டிய தேவையே மறைந்துவிடுகிறது.

காயை வைப்பதில் வரிசைமுறைதான் எல்லாம். முதலில் காயை அந்தச் சந்தியில் குறிக்க வேண்டும். அடுத்து, அதைத் தொடும் எதிராளியின் குழுக்களில் எதற்கேனும் மூச்சிடம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து, தீர்ந்திருந்தால் அவற்றை நீக்க வேண்டும். அதன் பிறகே, வைத்த காய் சேர்ந்திருக்கும் சொந்தக் குழுவுக்கு மூச்சிடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் இடம் மாற்றி எழுதுவது தொடக்கநிலையில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை. நான்கு பக்கமும் எதிராளியின் காய்களால் சூழப்பட்ட ஓர் ஓட்டையில் காய் வைக்கும்போது, அந்தக் காய்க்கென்று மூச்சிடம் ஏதும் இருக்காது. ஆனால் அது சுற்றியுள்ள குழுவின் கடைசி மூச்சிடமாக இருந்தால், அந்தக் குழு வெட்டுப்பட்டு அது இருந்த இடங்களே புதிய மூச்சிடங்கள் ஆகிவிடும். சொந்த மூச்சை முதலில் சோதிக்கும் நிரல், ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடிய இந்த முறையான காய்வைப்பை ‘செல்லாது’ என்று தள்ளிவிடும். எதையும் வெட்டாமல் தன் குழுவின் கடைசி மூச்சைத் தானே அடைத்துக்கொள்வது ஜப்பானிய, சீன விதிகளில் செல்லாது. நியூசிலாந்து விதிகளில் செல்லும். ஆகவே இந்த ஒன்றை நூலகம் தானாக முடிவு செய்யாமல், எந்த விதித்தொகுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூச்சிடங்களை எண்ணும்போது ஒரே சந்தி இரண்டு காய்களைத் தொட்டால் அதை இரண்டாக எண்ணிவிடும் தவறும் நேர்வதுண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேகத்தை விரும்பும் நிரலாளர்கள் இந்த இரட்டை எண்ணிக்கையைத் தெரிந்தே அனுமதிக்கிறார்கள். வெட்டுப்பட்டதா இல்லையா என்று அறிய, எண்ணிக்கை சுழியா என்பது மட்டுமே வேண்டும். எத்தனை முறை இரட்டித்து எண்ணினாலும் சுழி சுழியாகவே இருக்கும். குழுவுக்கு இன்னும் இரண்டு மூச்சா மூன்று மூச்சா என்று திரையில் காட்ட வேண்டிய நூலகத்துக்கு இந்தக் குறுக்குவழி உதவாது.

பழைய நிலை திரும்ப வராமல் காத்தல்

நான் உங்கள் காய் ஒன்றை வெட்டுகிறேன். நீங்கள் உடனே அதே இடத்தில் வைத்து என் காயை வெட்டுகிறீர்கள். பலகை பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. இதைத் தடுக்காவிட்டால் ஆட்டம் முடியவே முடியாது. இந்த நிலைக்கு ஜப்பானிய மொழியில் ‘கோ’ (kō) என்று பெயர். தமிழில் எழுதும்போது ஆட்டத்தின் பெயரோடு அது குழம்பும் என்பதால் இங்கே மீள்வெட்டு விதி என்று குறிப்பிடுகிறேன். எளிய மீள்வெட்டு விதி சற்று முந்தைய நிலையை மட்டும் பார்க்கும். இப்படி வெட்டுப்பட்ட ஒற்றைக் காயின் இடத்தை ஒரு முறைக்கு மட்டும் தடைசெய்தால் அது நிறைவேறிவிடும்.

ஆயினும் பலகையில் ஒரே நேரத்தில் மூன்று மீள்வெட்டு இடங்கள் அமைந்தால், இருவரும் ஒன்றைவிட்டு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், ஆறு முறை காய் வைத்த பிறகு தொடங்கிய நிலைக்கே வந்து சேர முடியும். எளிய விதி இதைக் காணாது. ஜப்பானிய விதிகள் இத்தகைய ஆட்டத்தில் வென்றவர் யாருமில்லை என்று அறிவிக்க வழிசெய்கின்றன. வேறு பல விதித்தொகுப்புகள், ஆட்டத்தில் முன்னர் எப்போது தோன்றிய நிலையும் மீண்டும் தோன்றக் கூடாது என்கின்றன. அதை நிறைவேற்ற வேண்டுமானால் நூலகம் தொடக்கம் முதல் தோன்றிய நிலைகள் அனைத்தையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு முறை காய் வைக்கும்போதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 361 இடங்களை நூற்றுக்கணக்கான பழைய நிலைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது வீண் உழைப்பு.

இதற்கு ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இல் வெளியிட்ட உத்தி இன்றும் பலகை ஆட்ட நிரல்களில் பரவலாகப் பயன்படுகிறது. கோ ஆடும் கணினி நிரல்களை எழுதிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஒவ்வொரு சந்திக்கும் கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என மொத்தம் 722 பெரிய எண்களை முன்கூட்டியே எழுந்தமானமாகத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிலையின் அடையாள எண் என்பது அப்போது பலகையில் இருக்கும் காய்களுக்குரிய எண்களை எக்ஸ்ஓஆர் என்ற இருமக் கணக்கால் கலந்து பெறுவது. இந்தக் கலப்புக்கு ஓர் அழகான குணம் உண்டு: ஒரு எண்ணை ஒருமுறை கலந்தால் அது சேரும், அதையே மறுமுறை கலந்தால் விலகிவிடும். ஆகவே ஒரு காயைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரே ஒரு செயல் போதும்; பலகை முழுவதையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. 64 இருமங்கள் (பிட்டுகள்) கொண்ட எண்களை எடுத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்குள் வெவ்வேறு இரண்டு நிலைகளுக்கு ஒரே அடையாள எண் அமையும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்க அளவுக்குச் சிறியது. பழைய அடையாள எண்களின் தொகுப்பில் புதிய எண் இருக்கிறதா என்று பார்ப்பதே பிறகு போதுமானது. காய்களின் அமைப்போடு அடுத்து ஆட வேண்டியவர் யார் என்பதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்புகளுக்கு, அதற்கென்று ஓர் எண்ணைக் கூடுதலாகக் கலந்துகொள்ளலாம்.

எல்லா நிலைகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. 19 கோட்டுப் பலகையில் விதிப்படி அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையை ஜான் டிராம்ப் 2016-இல் துல்லியமாகக் கணக்கிட்டு வெளியிட்டார். அது 171 இலக்கங்கள் கொண்ட எண்.

பதிவும் இடக்குறிப்பும்

ஆடிய ஆட்டங்களைச் சேமிக்க எஸ்.ஜி.எஃப். என்ற எழுத்துவடிவக் கோப்பும், ஆட்டப்பொறியோடு உரையாட ஜி.டி.பி. என்ற நெறிமுறையும் புழக்கத்தில் உள்ளன. இரண்டையும் ஏற்கும் நூலகம் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். எஸ்.ஜி.எஃப். இடது மேல்மூலையிலிருந்து எண்ணத் தொடங்கும், ஜி.டி.பி. இடது கீழ்மூலையிலிருந்து. அதோடு, ஜி.டி.பி.யின் நெடுக்குக் கோடுகளுக்கான ஆங்கில எழுத்து வரிசையில் ‘ஐ’ என்னும் எழுத்து விடப்பட்டிருக்கும், எஸ்.ஜி.எஃப்.-இல் விடப்படாது. இதைக் கவனிக்காத நிரலில் எட்டாவது கோடுவரை எல்லாம் சரியாக இருந்து, ஒன்பதாவதிலிருந்து காய்கள் ஓரிடம் தள்ளி விழும். சிறிய பலகையிலேயே சோதித்தவருக்கு இந்தப் பிழை வெகுநாள் கண்ணில் படாமலேயே போகலாம்.

எண்ணுதல்

எண்ணுவதற்கு இரண்டு மரபுகள் இருக்கின்றன. சீன மரபில் பலகையில் நிற்கும் சொந்தக் காய்களையும் அவை வளைத்துக்கொண்ட வெற்றுச் சந்திகளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். இதைப் பரப்புக் கணக்கு என்று சொல்லலாம். ஜப்பானிய மரபில் வளைத்த வெற்றுச் சந்திகளையும் வெட்டிய எதிரிக் காய்களையும் மட்டும் எண்ணுகிறார்கள். நிற்கும் காய்களுக்குப் புள்ளியில்லை. இது எல்லைக் கணக்கு. முதலில் ஆடும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுகட்ட வெள்ளைக்குக் கோமி என்ற பெயரில் சில புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஜப்பானிலும் கொரியாவிலும் இன்று அது 6.5, சீனாவில் 7.5.

கோமியை நிரலில் எழுதும்போது தசம எண்ணாக வைக்காமல், எல்லாப் புள்ளிகளையும் இரட்டித்து முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், 7.5 என்பது 15 ஆகிவிடும். கோமியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நுட்பத்தையும் குறிப்பிடத் தோன்றுகிறது. பரப்புக் கணக்கில் பலகையின் 361 சந்திகளும் யாரேனும் ஒருவருக்குப் போய்விட்டால், இருவரின் கூட்டுத்தொகை ஒற்றைப்படை எண். ஆகவே இருவருக்கும் இடையிலான வேறுபாடும் ஒற்றைப்படையாகவே இருக்கும். கோமி 5.5 ஆனாலும் 6.5 ஆனாலும் கறுப்பு வெல்வதற்குக் குறைந்தது 7 வேண்டும். 6 என்ற வேறுபாடு அநேகமாக வருவதேயில்லை. எனவே பரப்புக் கணக்கில் 5.5-ஐ உயர்த்த விரும்புபவர் 7.5-க்குப் போனால்தான் பயன் தெரியும்.

வெற்றுச் சந்திகள் யாருக்கு உரியவை என்று அறியும் வழி எளியது. ஒரு வெற்றுச் சந்தியில் ஒரு துளி மையை விட்டால், அது கோடுகளின் வழியே அண்டையிலுள்ள வெற்றுச் சந்திகளுக்கெல்லாம் பரவி, காய்களில் முட்டி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மை தொட்ட காய்கள் அனைத்தும் கறுப்பானால் அந்தப் பகுதி கறுப்புக்கு. அனைத்தும் வெள்ளையானால் வெள்ளைக்கு. இரு நிறத்தையும் தொட்டால் யாருக்கும் இல்லை. இதை நிரலாக எழுத இருபது வரிகள் போதும்.

ஒரு சிறிய பலகையில் இதைச் செய்துபார்க்கலாம். ஐந்துக்கு ஐந்து என 25 சந்திகள். மூன்றாவது நெடுக்குக் கோடு முழுவதும் ஐந்து கறுப்புக் காய்கள். நான்காவது கோடு முழுவதும் ஐந்து வெள்ளைக் காய்கள். முதல் இரண்டு கோடுகளின் 10 வெற்றுச் சந்திகள் கறுப்பின் வளைப்பு; ஐந்தாவது கோட்டின் 5 சந்திகள் வெள்ளையின் வளைப்பு. பரப்புக் கணக்கில் கறுப்பு 15, வெள்ளை 10. எல்லைக் கணக்கில் கறுப்பு 10, வெள்ளை 5. கோமியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் இரு மரபிலும் வேறுபாடு 5. இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

இனி கறுப்பு பாஸ் சொல்கிறது. வெள்ளை, கறுப்பின் வளைப்புக்குள் மூலையில் ஒரு காயை வைக்கிறது. அந்தக் காய் தப்பிப் பிழைக்க வழியே இல்லை என்று தெரிந்த கறுப்பு, மறுமொழி ஆடாமல் மறுபடி பாஸ் சொல்கிறது. வெள்ளையும் பாஸ் சொல்ல, ஆட்டம் நிற்கிறது. இப்போது நம் மையை விட்டால், கறுப்பின் வளைப்பில் மீந்துள்ள 9 சந்திகளும் மூலையிலுள்ள அந்த ஒற்றை வெள்ளைக் காயைத் தொடுகின்றன. இரு நிறத்தையும் தொட்டதால் அவை யாருக்கும் இல்லை. பரப்புக் கணக்கில் நிரல் கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 11 என்று அறிவித்து வெள்ளையை வெற்றியாளர் ஆக்கிவிடும். ஆடத் தெரிந்த எவரும் கறுப்பே வென்றது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

நிரலில் தவறு ஏதுமில்லை. அந்த வெள்ளைக் காய் ‘செத்தது’ என்ற செய்தி பலகையில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதே காரணம். தொடர்ந்து ஆடினால் அது நிச்சயம் வெட்டுப்படும் என்ற, இன்னும் நடக்காத எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்பு அது. சதுரங்கத்தில் அரசன் சிக்கிவிட்டானா என்பதை அந்த ஒரு நிலையைப் பார்த்தே கணினி உறுதியாகச் சொல்லும். கோ ஆட்டத்தில் இருவரும் நிறுத்திக்கொண்ட பிறகும், நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே கணக்கு சார்ந்திருக்கிறது.

செத்த காயை அறிவது யார்?

இந்தச் சிக்கலைத் தீர்க்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்றும் முழுமையானது அன்று.

முதல் வழி, சிக்கலையே விதியிலிருந்து நீக்கிவிடுவது. ஜான் டிராம்பும் பில் டெய்லரும் வகுத்த விதிகளில் செத்த காய் என்ற கருத்தே இல்லை. ஆட்டம் நின்றபோது பலகையில் இருப்பவை எல்லாம் உயிருள்ளவையாகவே எண்ணப்படும். எதிரிக் காய் செத்தது என்று கருதுபவர் அதை ஆடி வெட்டிக் காட்டிய பிறகே பாஸ் சொல்ல வேண்டும். பரப்புக் கணக்கில் சொந்த வளைப்புக்குள் காய் வைப்பதால் நட்டம் இல்லை: வெற்றுச் சந்திக்குரிய ஒரு புள்ளி போய், அங்கே நிற்கும் காய்க்குரிய ஒரு புள்ளி வந்துவிடும். கணினிகள் தமக்குள் ஆடிக்கொள்வதற்கு இது மிகப் பொருத்தமான விதி. 2017-இல் வெளியான ஆல்ஃபாகோ ஸீரோ என்ற ஆட்டப்பொறி தனக்குத்தானே ஆடிப் பயின்றபோது இந்தக் கணக்கையே பயன்படுத்தியது. மனிதர்களுக்கோ, எல்லாருக்கும் தெரிந்த முடிவை எட்டப் பல காய்களை வைத்து நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, கணினியே ஊகிப்பது. இதில் உறுதியான ஒரு பகுதி உண்டு. டேவிட் பென்சன் 1976-இல் வெளியிட்ட வழிமுறை, எதிராளி எத்தனை முறை தொடர்ந்து ஆடினாலும், உரியவர் ஒருமுறைகூட மறுமொழி ஆடாவிட்டாலும் சாகாத குழுக்களை ஐயத்துக்கு இடமின்றிக் கண்டுபிடிக்கிறது. ஒரு குழு தன் காய்களால் சூழ்ந்து வைத்திருக்கும் மூடிய இடங்களைக் கண்கள் என்பார்கள். தனித்தனியான இரண்டு கண்கள் உள்ள குழுவின் மூச்சை எதிராளி ஒரே நேரத்தில் அடைக்க முடியாது. பென்சனின் வழிமுறை இந்த உண்மையைக் கணக்காக மாற்றியிருக்கிறது. ஆனால் உண்மையான ஆட்டங்கள் நிற்கும்போது பெரும்பாலான குழுக்கள் அவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதில்லை. “நீ உள்ளே வந்தால் நான் தக்கபடி மறுமொழி ஆடிப் பிழைத்துக்கொள்வேன்” என்ற நிலையிலேயே நிற்கும். நம் சிறிய பலகையில் ஐந்தாவது கோட்டைக் காக்கும் வெள்ளையும் அப்படித்தான். கறுப்பு நடுவில் புகுந்தால் வெள்ளை அருகில் வைத்துப் பிழைக்கும், வாளாவிருந்தால் ஆபத்து. இத்தகைய குழுக்களைப் பற்றிப் பென்சனின் வழிமுறை எதுவும் சொல்லாது.

மீந்தவற்றை ஊகிக்க, நின்ற நிலையிலிருந்து கணினி இருபுறமும் எழுந்தமானமாக நூற்றுக்கணக்கான முறை ஆடிமுடித்து, ஒவ்வொரு சந்தியும் பெரும்பாலும் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார்க்கும் உத்தி ஒன்றுண்டு. பத்தில் ஒன்பது முறை கறுப்பிடம் போகும் சந்தியில் வெள்ளைக் காய் நின்றால், அது செத்தது என்று கொள்ளலாம். இந்த உத்தி பெரும்பாலான நேரங்களில் சரியாகவே ஊகிக்கிறது. ஆனால் செக்கி என்ற ஒரு நிலையில் தடுமாறுகிறது. இரு குழுக்கள் ஒரே மூச்சிடங்களைப் பகிர்ந்துகொண்டு, முதலில் அதில் கைவைப்பவரே சாவார் என்ற நிலையில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதே செக்கி. அறிந்தவர்கள் இருவரும் அதைத் தொடமாட்டார்கள், இரண்டும் பிழைக்கும். எழுந்தமானமாக ஆடும் கணினியோ அதில் தயங்காமல் கைவைத்து, உயிருள்ள குழுவைச் செத்ததாக்கிவிடும். 2019-இல் வெளியான கட்டகோ போன்ற பயிற்றுவிக்கப்பட்ட பொறிகள், ஒவ்வொரு சந்தியும் முடிவில் யாருக்குச் சேரும் என்பதையே நேரடியாக மதிப்பிட்டுச் சொல்லக் கற்றவை. அவற்றின் ஊகம் இதைவிடப் பன்மடங்கு நம்பத்தக்கது. எனினும் அதுவும் ஊகம்தான்; சிறிய நூலகம் ஒன்று அவ்வளவு பெரிய பொறியைச் சுமந்துகொண்டிருக்கவும் முடியாது.

மூன்றாவது வழி, ஆட்டக்காரர்களைக் கேட்பது. இதையே நான் முதன்மையான வழியாகக் கருதுகிறேன். காயும் பலகையுமாக நேரில் ஆடும்போதும் செத்த காய்களை இருவரும் பார்த்து, ஒப்புக்கொண்டு எடுத்துவைத்த பின்னரே எண்ணுகிறார்கள். அந்த ஒப்புதல் ஆட்டத்தின் ஒரு பகுதி. எனவே எண்ணும் சார்பு, அதாவது எண்ணும் வேலையைச் செய்யும் நிரல் துண்டு, பலகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு விடையைத் தருவதாக அமையக் கூடாது. பலகை, செத்த காய்களின் பட்டியல், விதித்தொகுப்பு, கோமி, அதுவரை வெட்டிய காய்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஊகிக்கும் பகுதி தனியே இருக்கலாம். அது தரும் பட்டியலை ஆட்டக்காரர்கள் முன் பரிந்துரையாக வைத்து, அவர்கள் திருத்தி ஒப்பிய பிறகே எண்ணும் சார்புக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே சார்புக்குள் கலந்துவிட்ட நூலகத்தில், கணக்கு தவறும்போது தவறியது எண்ணிக்கையா ஊகமா என்று பயன்படுத்துபவரால் கண்டுபிடிக்கவே முடியாது. விதித்தொகுப்பைக் கேட்பதும் வெறும் சடங்கு அன்று: செக்கியில் நிற்கும் குழுவின் கண்களுக்குச் சீன விதிகளில் புள்ளி உண்டு, ஜப்பானிய விதிகளில் இல்லை.

இருவரும் ஒப்பவில்லை என்றால் என்ன செய்வது? நிறுத்திய ஆட்டத்தை மறுபடி தொடங்கி, ஆடியே தீர்த்துக்கொள்ளலாம். இதற்கு இடம்கொடுக்க வேண்டுமானால், இரண்டு பாஸ்கள் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது என்று நூலகம் பூட்டிவிடக் கூடாது; ‘ஆடுகிறார்கள்’, ‘முடிந்தது’ என்ற இரண்டுக்கும் நடுவே ‘எண்ணுகிறார்கள்’ என்று ஒரு நிலையை வைத்து, அதிலிருந்து பின்னோக்கியும் போகும்படி செய்ய வேண்டும்.

ஆனால் தொடர்ந்து ஆடுவதற்கான விலை மரபுக்கு மரபு மாறுகிறது. நம் ஐந்துகோட்டுப் பலகைக்கே திரும்புவோம். செத்த வெள்ளைக் காயை ஒப்புக்கொண்டு நீக்கினால், பரப்புக் கணக்கில் கறுப்பு 15, வெள்ளை 10. வேறுபாடு பழையபடி 5. எல்லைக் கணக்கில் கறுப்புக்கு 10 சந்திகளும் பிடித்த காய்க்கு ஒன்றுமாக 11, வெள்ளைக்கு 5, வேறுபாடு 6. வெள்ளை ஒரு காயை வீணாக்கியதும் கறுப்பு மறுமொழி ஆடாமல் விட்டதும் ஒரு புள்ளியாக வெளிப்படுகின்றன. கறுப்பு ஐயப்பட்டு உள்ளே ஒரு காய் வைத்திருந்தால், பரப்புக் கணக்கு மாறாது. எல்லைக் கணக்கில் வளைப்பு 9 ஆகக் குறைந்து, பிடித்த காயோடு 10 என்றாகி வேறுபாடு 5-க்கு இறங்கும். அதாவது எல்லைக் கணக்கில், செத்த காயை ஆடி நிரூபிப்பவர் தன் புள்ளியைச் செலவிட்டே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனவேதான் 1989-இல் திருத்தப்பட்ட ஜப்பானிய விதிகள், உயிரையும் சாவையும் உண்மைப் பலகையைத் தொடாமல் கற்பனையில் ஆடிப் பார்த்து முடிவு செய்யும்படி சொல்கின்றன. அந்த விதிகளை முழுமையாக நிரலாக்குவது மிகக் கடினம்.

அமெரிக்கக் கோ சங்கத்தின் விதிகள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கின்றன. பாஸ் சொல்பவர் ஒவ்வொரு முறையும் எதிராளிக்குத் தன் காய் ஒன்றைப் பிடிபட்ட காயாகக் கொடுக்க வேண்டும். கடைசி பாஸ் வெள்ளையுடையதாக இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கறுப்பு இரண்டு முறை பாஸ் சொன்னது, வெள்ளை ஒருமுறை. கறுப்புக்கு 10 சந்திகள், ஒரு செத்த காய், வெள்ளை பாஸுக்குக் கொடுத்த ஒரு காய் என 12. வெள்ளைக்கு 5 சந்திகள், கறுப்பு கொடுத்த இரண்டு காய்கள் என 7. வேறுபாடு 5. கறுப்பு மறுமொழி ஆடியிருந்தால் இருவரும் தலா இரண்டு பாஸ் சொல்லியிருப்பார்கள்: 9, ஒன்று, இரண்டு எனக் கறுப்புக்கு 12; வெள்ளைக்கு 5, இரண்டு என 7. மறுபடியும் 5. எண்ணுவது எல்லைக் கணக்கு முறையிலானாலும் விடை பரப்புக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சந்தேகம் வந்தவர் நட்டமில்லாமல் ஆடித் தீர்த்துக்கொள்ளலாம். கடைசி பாஸ் யாருடையது என்று பார்ப்பதைத் தவிர, நூலகத்தில் இதற்காகச் சேர்க்க வேண்டியது பாஸைக் கையாளும் சார்பில் ஒரே ஒரு வரி: பிடிபட்ட காய்களின் எண்ணிக்கையில் எதிராளிக்கு ஒன்றைக் கூட்டுவது. இந்த ஐந்துகோட்டுப் பலகையின் மூன்று முடிவுகளையும் மூன்று விதிகளிலும் எண்ணி ஒப்பிடும் சோதனையை, நூலகத்தின் முதல் சோதனைக் கோப்பிலேயே எழுதிவைக்கலாம்.